பெட்டி மேல இருக்கிற நம்பரை நம்பி வாங்கலாமா? ஓவர்க்ளாக் பண்ண பிராசஸருக்கு ரேம் தேர்ந்தெடுக்கிற கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன சில வாரமா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான். "பிராசஸரை ஓவர்க்ளாக் பண்ணப் போறேன். ரேம் 6000 வாங்கட்டுமா, 7200 வாங்கட்டுமா, 8000 வாங்கட்டுமா?" கூடவே ஒரு வாக்கியம் வரும்: "நம்பர் பெருசா இருந்தா நல்லதுதானே?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெட்டி மேல இருக்கிற நம்பர் ரேமோட திறமை மட்டும்தான். அந்த வேகத்துல ஓடுமா ஓடாதாங்கிறதை முடிவு பண்றது உங்க பிராசஸருக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலர். அதனால ஓவர்க்ளாக் மெஷினுக்கு நல்ல ரேம்னா, உங்க கன்ட்ரோலர் ஒரு பிட் கூடத் தப்பு பண்ணாம ஓட்டக்கூடிய ரேம். அதிகபட்ச வேகம் அதுக்கு அப்புறம்தான். இந்த எபிசோட் முழுக்க இதைத்தான் விளக்கப் போறேன். 2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போகுது. மைக்ரான் அந்த டிசம்பர்ல குரூஷியல் பிராண்டையே கடைகள்ல இருந்து எடுக்கிறோம்னு அறிவிச்சாங்க. இந்த நேரத்துல தேவையில்லாத நம்பருக்குக் காசு கொடுக்கிறது நிஜமாவே வலிக்கும்.

ரெண்டும் ஏன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1998ல இன்டெல் செலரான் 300ஏ-ன்னு ஒரு சிப் வந்துது. ஓவர்க்ளாக்கிங் பேசுற யாரும் அதை மறக்க மாட்டாங்க. போர்டோட பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பிராசஸரோட பெருக்கல் எண் 4.5. ரெண்டையும் பெருக்கினா 300. அந்தப் பெருக்கல் எண்ணைப் பூட்டி வச்சிருந்தாங்க, மாத்த முடியாது. அதனால மக்கள் பஸ்ஸை 66ல இருந்து 100 ஆக்கினாங்க. 100 பெருக்கல் 4.5, அதாவது 450 மெகாஹெர்ட்ஸ். பாதிக்குப் பாதி வேகம் இலவசம்!

ஆனா பஸ் ஏறினா ரேமும் கூடவே ஏறும். 66க்கு செஞ்ச ரேம் 100ல தடுமாறும். அதனால பிசி100 ரேம் கையில இருந்தவங்களுக்குத்தான் அந்த வித்தை பலிச்சுது. "ஓவர்க்ளாக்னா நல்ல ரேம் வேணும்"ங்கிற பேச்சு அந்தக் காலத்துல வேர் விட்டதுதான்.

இப்போ நிலைமை வேற. இன்னைக்கு பெருக்கல் எண்ணைத் தனியா ஏத்தலாம், ரேம் வேகத்தைத் தனியா வைக்கலாம். ஆனா வேற ஒரு கட்டு வந்துடுச்சு. ஏஎம்டி 2003ல அத்லான் 64-ல மெமரி கன்ட்ரோலரைப் பிராசஸருக்குள்ளயே கொண்டு வந்தாங்க. இன்டெல் 2008ல நெஹாலம்ல அதைச் செஞ்சாங்க. ரேமோட பேசுற ஆளு இப்போ பிராசஸர் வீட்டுக்குள்ளயே குடியிருக்கார். ரேமை ஓவர்க்ளாக் பண்றோம்னு நாம சொல்றப்போ, பிராசஸர்ல ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் ஓவர்க்ளாக் பண்றோம்.

பந்தி பரிமாறுற கணக்கு

ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. உட்கார்ந்து சாப்பிடுறவர் பிராசஸர். இலையில இருக்கிறது கேஷ். சமையல்கட்டுல இருந்து வாளியோட வர்றது ரேம். ஊருக்கு வெளியே இருக்கிற குடோன் எஸ்எஸ்டி.

பிராசஸரை ஓவர்க்ளாக் பண்ணா என்ன ஆகும்? சாப்பிடுறவர் வேகமாச் சாப்பிடுவார். ஆனா சாம்பார் வாளி வர்ற நேரம் மாறல. அவர் முன்னைவிட அதிக நேரம் கையை இலையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

இதை நம்பர்ல பார்ப்போம். இன்றைய டெஸ்க்டாப்ல ரேம் வரைக்கும் போய்த் தகவல் எடுத்துட்டு வர மொத்தமா 70 நானோ செகண்ட் ஆகுதுன்னு வைங்க. பிராசஸர் 4.5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடினா, அந்தக் காத்திருப்புல 315 சைக்கிள் வீண். அதையே 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்துங்க, 385 சைக்கிள் வீண். அதாவது ஓவர்க்ளாக் பண்ணப் பண்ண ரேமோட தாமதம் பெருசாத் தெரியும். ரேம் முக்கியம்னு சொல்றதுல இருக்கிற நியாயம் இதுதான்.

வேகம் வேற, தாமதம் வேற

ரேம் பெட்டியில ரெண்டு நம்பர் இருக்கும். டிடிஆர்5-6000, பக்கத்துல சிஎல்30. முதல் நம்பர், ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லியன் தடவை தகவல் போகுதுங்கிறது. ஒரு தடவைக்கு 8 பைட். 6000ஐ 8ஆல பெருக்கினா ஒரு சேனலுக்கு 48 ஜிபி, ரெண்டு சேனலுக்கு 96 ஜிபி. வாளியோட கொள்ளளவு மாதிரி இது.

ரெண்டாவது நம்பர் சிஎல். கேட்டதுக்கு அப்புறம் முதல் கரண்டி வர எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும்ங்கிறது. இதை அப்படியே ஒப்பிடக் கூடாது, ஏன்னா துடிப்போட நீளமே ரேமுக்கு ரேம் மாறும். நானோ செகண்டா மாத்தணும். சூத்திரம் ரொம்ப சுலபம்: சிஎல்லை 2000ஆல பெருக்கி, வேகத்தால வகுங்க.

டிடிஆர்5-6000 சிஎல்30: 10 நானோ செகண்ட்.
டிடிஆர்5-6000 சிஎல்36: 12 நானோ செகண்ட்.
டிடிஆர்5-4800 சிஎல்40: கிட்டத்தட்ட 16.7.
டிடிஆர்5-8000 சிஎல்38: 9.5.
டிடிஆர்4-3200 சிஎல்16: 10.

ஒரு வேடிக்கை பாருங்க. ரொம்பப் பழைய டிடிஆர்-400 சிஎல்2 ரேம் இருக்கே, அதுக்கும் இதே கணக்குப் போட்டா 10 நானோ செகண்ட்தான் வருது! இத்தனை தலைமுறையா வாளி பெருசாயிட்டே போகுது. முதல் கரண்டி வர்ற நேரம் நின்ன இடத்துலயே நிக்குது.

இப்போ நம்ம காசுக்கு வருவோம். சிஎல்30க்கும் சிஎல்36க்கும் வித்தியாசம் 2 நானோ செகண்ட். மொத்தப் பயணம் 70னு எடுத்துக்கிட்டோம். அதுல 2ங்கிறது 3 சதவீதத்துக்கும் கம்மி. மத்த டைமிங்குகளும் சேர்ந்து மாறும்ங்கிறதால கொஞ்சம் கூடுதலா வரலாம். ஆனாலும் கடையில அந்த ரெண்டு கிட்டுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவுன்னு பார்த்துட்டு, அந்த 3 சதவீதத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

6000ல ஏன் எல்லாரும் நிக்கிறாங்க?

2022ல ரைசன் 7000 வந்தப்போ ஏஎம்டியே 6000தான் தோதான வேகம்னு சொன்னாங்க. காரணம் இருக்கு. டிடிஆர்5-6000னா ரேமோட உண்மையான கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்புக்கும் ரெண்டு தடவை தகவல் போறதால 6000னு எழுதுறாங்க. பிராசஸருக்குள்ள இருக்கிற கன்ட்ரோலரும் அதே 3000ல ஓடினா ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே தாளத்துல போவாங்க.

6400 வரைக்கும் சில சிப் தாங்கும், சில சிப் தாங்காது. அதுக்கு மேல போனா பெரும்பாலான போர்டுகள் தானாவே கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிடும். 7200 ரேம் போட்டா கடிகாரம் 3600, ஆனா கன்ட்ரோலர் 1800. பெரிய வாளி வந்துடுச்சு, ஆனா சமையல்கட்டுக் கதவைப் பாதி மூடிட்டாங்க. இழந்ததை ஈடு கட்ட 7800, 8000னு ஏற வேண்டியிருக்கும். அதுக்கு நல்ல போர்டு வேணும், விலை கூடின கிட் வேணும், நிறைய பொறுமையும் வேணும். அதனாலதான் ஏஎம்5 போர்டுல 7200 வாங்கினவர், 6000 வாங்கினவரைவிடப் பின்தங்குறது நடக்குது.

இன்டெல்ல இந்தக் கோடு இதே இடத்துல விழாது. அங்க டிடிஆர்5-ல கன்ட்ரோலர் பொதுவா பாதி வேகத்துலதான் ஓடும். அதனால 6400, 6800, 7200னு போறதுல பலன் கிடைக்கும். ஆனா அங்கேயும் உங்க சிப், உங்க போர்டு தாங்கணும்ங்கிற விதி மாறாது.

பழைய ஏஎம்4 வச்சிருக்கிறவங்களுக்கு: டிடிஆர்4-3600, சிஎல்16 அல்லது 18. அங்க ஒண்ணுக்கு ஒண்ணு தாளம் அந்த இடத்துல பிடிக்கும். ஏற்கனவே 3200 சிஎல்16 இருந்தா மாத்தவே வேண்டாம்.

நாலு குச்சி வாங்காதீங்க

"ரெண்டு 16 இருக்கு, இன்னும் ரெண்டு 16 வாங்கிச் செருகட்டுமா?" இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. டிடிஆர்4 காலத்துல இது பெரிய தொல்லை இல்ல. டிடிஆர்5-ல இது பெரிய விஷயம். ரைசன் 7000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாச் சொல்ற வேகத்தைப் பாருங்க: ரெண்டு குச்சின்னா 5200. நாலு குச்சின்னா 3600. 6000ங்கிறதே உத்தரவாதத்துக்கு வெளியே இருக்கிற ஓவர்க்ளாக். நாலு போட்டு 6000 எதிர்பார்க்கிறது ரெட்டை ஓவர்க்ளாக்.

அதனால 64 ஜிபி வேணும்னா ரெண்டு 32ஆ வாங்குங்க. ஒரே பெட்டியில வந்த ஜோடியா இருக்கணும். ஒரே மாடல் நம்பர்ல ரெண்டு தனிப் பெட்டி வாங்கினாலும் உள்ள இருக்கிற சிப் வேறயா இருக்கலாம். மெமரி சிப் செய்யறவங்கள்ல சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்தான் பெரியவங்க. ஒட்டுற ஸ்டிக்கர் நூறு இருக்கும். அதே ஸ்டிக்கருக்குக் கீழ சிப் மாறுறதும் நடக்கும்.

கொள்ளளவு பத்தாம போறது வேகம் குறைவா இருக்கிறதைவிட மோசம். ரேம் நிரம்பிட்டா மெஷின் குடோனுக்கு, அதாவது எஸ்எஸ்டிக்கு ஓடும். அது ரேமைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு மெதுவு. 16 ஜிபி 7200ஐவிட 32 ஜிபி 5600 எப்பவும் நிம்மதி.

உங்களுக்கு உண்மையிலேயே வேகமான ரேம் வேணுமா?

எக்ஸ்3டி சிப் வச்சிருந்தா, அநேகமா வேணாம். ரைசன் 7 7700எக்ஸ்-ல எல்3 கேஷ் 32 எம்பி. 7800எக்ஸ்3டி-ல 96 எம்பி. இலையே மூணு பங்கு பெருசு, அதனால வாளிக்குக் காத்திருக்கிற நேரம் கம்மி. 6000 சிஎல்36 தாராளமாப் போதும்.

4கே-ல கேம் ஆடுறவங்களா? அங்க மூச்சு வாங்குறது கிராஃபிக்ஸ் கார்டு. ரேம் மாத்தினா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிளெண்டர்ல ரெண்டர் போடுறவங்களா? அந்த வேலை பெரும்பாலும் இலையில இருக்கிறதை வச்சே நடக்கும். கோர் வேகமும் எண்ணிக்கையும்தான் அங்க பேசும்.

1080பி-ல அதிக எஃப்பிஎஸ் தேடுறவங்க, கேஷ் கம்மியான பிராசஸரை ஓவர்க்ளாக் பண்றவங்க, பெரிய ஃபைல்களைச் சுருக்கி விரிக்கிறவங்க, இவங்களுக்குத்தான் நல்ல ரேம் உண்மையிலேயே பலன் தரும்.

பயப்பட வேண்டிய இடம்

இப்போ முக்கியமான பகுதி. பிராசஸர் ஓவர்க்ளாக் தப்பாப் போனா பெரும்பாலும் மெஷின் விழுந்துடும். நீலத் திரை, ரீஸ்டார்ட், உங்களுக்குத் தெரிஞ்சுடும். ரேம் ஓவர்க்ளாக் தப்பாப் போனா மெஷின் ஒண்ணும் சொல்லாம ஓடிக்கிட்டே இருக்கலாம். மணிக்கு ஒரு பிட் மாறும், அவ்வளவுதான். ஆனா நீங்க ஃபைல் சேவ் பண்ணும்போது அது ரேம் வழியாத்தான் டிஸ்க்குக்குப் போகுது. வழியில ஒரு பிட் புரண்டா, எஸ்எஸ்டி அந்தத் தப்பான தகவலை ரொம்ப விசுவாசமா எழுதி வச்சுக்கும். அடுத்த பேக்கப்பும் அந்தத் தப்பையே காப்பி எடுக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீடியோவையோ தீசிஸையோ திறக்கிறப்போதான் விஷயம் தெரியும்.

"டிடிஆர்5-லதான் ஈசிசி இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. இருக்கு, ஆனா அது சிப்புக்குள்ள மட்டும். சிப்புக்குள்ள சேமிச்சு வச்ச பிட் கெட்டா திருத்தும். சிப்புல இருந்து பிராசஸருக்குப் போற வழியில கெட்டா அதுக்குத் தெரியாது. ஓவர்க்ளாக்ல பிழை வர்றதுக்கு அந்த வழிதான் பெரிய காரணம்.

வெயிலையும் கணக்குல எடுங்க. ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், சிப் அதைத் திரும்பத் திரும்ப நிரப்பும். சூடு ஏறினா கசிவு கூடும். டிசம்பர்ல சென்னையில பாஸ் ஆன செட்டிங், மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல பிழை விடலாம். கிராஃபிக்ஸ் கார்டோட சூடு நேரா ரேம் மேல அடிக்கிற கேபினெட்டா இருந்தா இன்னும் சீக்கிரம்.

சரி, எப்படிச் செய்யணும்?

வாங்குறதுக்கு முன்னாடி, உங்க போர்டு கம்பெனியோட தளத்துல சோதிச்சுப் பார்த்த ரேம்களோட பட்டியல் இருக்கும். உங்க கிட்டோட மாடல் நம்பர் அதுல இருக்கான்னு பாருங்க. ரிச்சி தெருவுல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் இந்த ஒரு வேலையைத் தவறாமப் பண்ணுங்க. ஏஎம்டின்னா எக்ஸ்போ, இன்டெல்னா எக்ஸ்எம்பின்னு எழுதியிருக்கிறதை எடுங்க.

பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க. ரேமைப் போட்டு முதல் தடவை ஆன் பண்றப்போ ஏஎம்5 போர்டு சில நிமிஷம் கறுப்புத் திரையோட நிக்கும். அது ரேமோட பழகிக்கிற நேரம். பயந்துபோய் பவரைப் பிடுங்காதீங்க.

ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்துங்க. முதல்ல எல்லாம் டீஃபால்ட்ல வச்சு மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவ்ல போட்டு ஓட்டுங்க. பிழை வந்தா ரேமே கோளாறு, கடையில மாத்திக்கோங்க. அடுத்து பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணி, பிராசஸரைத் தொடாம, ராத்திரி முழுக்க ஓட்டுங்க. காலையில விண்டோஸுக்குள்ள டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி. இதெல்லாம் பாஸ் ஆனப்புறம்தான் பிராசஸர் ஓவர்க்ளாக். அதுக்கப்புறம் மறுபடியும் ரேம் டெஸ்ட், ஏன்னா ரெண்டு பேரும் ஒரே சிப்போட மின்சாரத்தையும் சூட்டையும் பகிர்ந்துக்கிறாங்க. ரெண்டையும் ஒரே நாள்ல ஏத்தினா, பிழை வந்தா யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

விதி ஒண்ணுதான்: ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில். "ஒண்ணுதானே வந்துது"ங்கிற பேச்சே கிடையாது. 6000ல நிக்கலையா, 5600க்கு இறங்குங்க. அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

வோல்டேஜ்ல கை வைக்கிறப்போ கவனம். டிடிஆர்5-ஓட தர அளவு 1.1 வோல்ட். எக்ஸ்போ கிட்டுகள் பலதும் 1.35, 1.4ல ஓடும், அது அந்தக் கிட்டுக்குன்னு சோதிச்ச அளவு. ஆனா எஸ்ஓசி வோல்டேஜ்னு ஒண்ணு இருக்கு, அது மெமரி கன்ட்ரோலருக்குப் போறது. 2023ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் கருகினப்போ, ஏஎம்டி பயாஸ் அப்டேட் மூலமா அதை 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம கட்டுப்படுத்தினாங்க. பழைய பயாஸோட ஓடுற ஏஎம்5 போர்டு உங்ககிட்ட இருந்தா முதல்ல அப்டேட் பண்ணுங்க. எக்ஸ்போ ஆன் பண்றதையே ஏஎம்டி ஓவர்க்ளாக்னுதான் எடுத்துக்குது, அதனால வர்ற சேதத்துக்கு வாரண்டி கிடையாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க.

ஏற்கனவே ரேம் வாங்கினவங்க இப்பவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துல வேகத்தைப் பாருங்க. 6000 வாங்கிட்டு 4800ல ஓட்டிக்கிட்டிருக்கிறவங்க நிறையப் பேர். பயாஸ்ல ஒரே ஒரு சுவிட்ச், அதைப் போட்டிருக்க மாட்டாங்க. புதுசா வாங்குறதுக்கு முன்னாடி கொடுத்த காசுக்கு உரிய வேகம் வருதான்னு பாருங்க.

சுருக்கமா: ஏஎம்5-ல கேம் மெஷின்னா ரெண்டு 16 அல்லது ரெண்டு 32, 6000 சிஎல்30. எக்ஸ்3டின்னா சிஎல்36 போதும். விலை கட்டுப்படியாகலன்னா 5600 வாங்கிட்டு நிம்மதியா இருங்க. அலுவலக வேலை, படிப்பு, திரும்ப எடுக்க முடியாத வீடியோ, இதெல்லாம் அந்த மெஷின்ல இருந்தா ஓவர்க்ளாக்கையே தள்ளி வைங்க. மிச்சமாகிற காசுல ஒரு பேக்கப் டிஸ்க் வாங்கலாம்.

உங்க போர்டு, பிராசஸர், ரேம் மாடல் மூணையும் எழுதி அனுப்புங்க. டெஸ்ட்ல பிழை வந்திருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டும் வேணும். அடுத்த எபிசோட்ல அதுல சிலதை எடுத்து ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்ப்போம்.